குடும்பத்துக்கும் ஓபிஸ் வேலைக்கும் ஒரே டெஸ்க்டொப்: கடைக்குப் போக முன் செய்ய வேண்டியவை

போன மாதம் வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கச்சி, ஒரு கடையில் எடுத்த குவொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, இது சரிதானே?" என்று கேட்டாள். கண்ணாடிப் பக்கம் வைத்த கேசிங், உள்ளே கலர் கலராக எரியும் நாலு ஃபேன், படத்தைத் திரைக்கு அனுப்புவதற்குத் தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்ட். அவள் வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்கிறவள், மகன் சாதாரண தரம் படிக்கிறான், மச்சான் இரவில் கிரிக்கெட் பார்ப்பார். அந்தப் பட்டியலில் வெப்கேம் இல்லை, மைக் இல்லை, வைஃபை இல்லை, கரண்ட் போனால் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓட்டும் யூபிஎஸ்ஸும் இல்லை. லெப்டொப்பில் இதில் பாதி உள்ளேயே வந்துவிடுவதால் நமக்கு அது நினைவிலேயே இருப்பதில்லை. டெஸ்க்டொப்பில் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், இருக்கிற காசை அதற்கும் சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

படி 1: ஒரு தாளில் எழுதுங்கள்

யார், எத்தனை மணிக்கு, என்ன செய்யப் போகிறார் என்று எழுதுங்கள். அம்மா காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை எக்செல், ஸூம். மகன் பின்னேரம் ஒன்லைன் வகுப்பு. இரண்டு பேருடைய நேரமும் ஒன்றோடொன்று மோதினால் எவ்வளவு நல்ல மெஷின் வாங்கினாலும் சண்டை தீராது. அப்படியென்றால் கொஞ்சம் மலிவான டெஸ்க்டொப் எடுத்து, பழைய லெப்டொப்புக்கு ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பு) போட்டு வகுப்புக்குக் கொடுத்துவிடுங்கள். ஓபிஸிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: விண்டோஸ் ஹோம் போதுமா, ப்ரோ வேண்டுமா? சில நிறுவனங்கள் கணினியைத் தங்கள் நெட்வொர்க்கில் சேர்ப்பதற்கு ப்ரோதான் கேட்கும்.

படி 2: புரொசசர்

எக்செல், பிரவுசர், ஸூம், பாடம், படம் இவ்வளவுதான் வேலை என்றால் ஆறு கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள இன்டெல் கோர் ஐ5 12400, அல்லது ஏஎம்டி ரைசன் 5 5600ஜி மாதிரி ஒன்று தாராளம். இங்கே ஒரே ஒரு எழுத்தைக் கவனமாகப் பாருங்கள். இன்டெல்லில் இலக்கத்துக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் (12400எஃப் மாதிரி) அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைவாகத் தெரியும், ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் மொனிட்டரில் ஒன்றும் தெரியாது, அதனால் கார்டுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும். ரைசன் 5000 வரிசையில் இதற்கு நேர்மாறு: 'ஜி' இருந்தால்தான் கிராஃபிக்ஸ் உண்டு. தங்கச்சியின் குவொட்டேஷனில் இருந்தது எஃப். அந்த எழுத்தை எடுத்ததும் கார்டுக்கான காசு மிஞ்சியது. யூபிஎஸ், வெப்கேம், ஹெட்செட் மூன்றும் அதில்தான் வந்தன.

இன்னொன்று, வெளிநாட்டு ஓபிஸ்களில் பாவித்துவிட்டு வரும் டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்ற செகண்ட்ஹேண்ட் மெஷின்கள். நல்ல உறுதியான பெட்டிகள், நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் 'ஐ7' என்ற பெயரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். 2015இல் வந்த, ஆறாம் தலைமுறை ஐ7 6700ஐ விட, நாலு கோர் உள்ள ஐ3 12100 வேகமானது. அதைவிட முக்கியமான விஷயம், விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கும் ஓபிஸ் ஃபைலும் திறக்கும் மெஷினில் பாதுகாப்பு அப்டேட் வராமல் இருப்பது சரியில்லை.

படி 3: ரேம், எஸ்எஸ்டி

ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம், அது 16 ஜிபி வேண்டும். எட்டு எட்டாக இரண்டு போட்டால் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸும் கொஞ்சம் வேகமாக ஓடும். எஸ்எஸ்டி 512 ஜிபி, என்விஎம்ஈ என்ற வேகமான வகை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸைப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கல்யாண அல்பம், பிள்ளைகளின் வீடியோ இதையெல்லாம் சேமிக்க ஹார்ட் டிஸ்க் நல்லது, அதோடு சரி.

படி 4: மொனிட்டரும் விட்டுப்போகும் சாமான்களும்

நாள் முழுக்கப் பார்க்கப் போவது மொனிட்டரை. 24 அங்குலம், ஃபுல் எச்டி, ஐபிஎஸ் பனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) போதும். 27 அங்குலம் ஆசை என்றால் கியூஎச்டி (ஃபுல் எச்டியை விடப் புள்ளிகள் அதிகம்) எடுங்கள். அந்த அளவில் ஃபுல் எச்டி போட்டால் எக்செல் எழுத்துகள் சொரசொரப்பாகத் தெரியும். மொனிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், உயரம் கூட்டிக் குறைக்கிற ஸ்டாண்ட் இல்லை என்றால் கீழே இரண்டு தடித்த புத்தகம் வையுங்கள்.

அடுத்து வெப்கேம். அதோடு மைக் வைத்த ஹெட்செட்டும் எடுங்கள், ஏனென்றால் காலி வீதிப் பக்கம் வீடு என்றால் பஸ் ஹோர்ன், பின்னால் குக்கர் விசில் எல்லாம் மீட்டிங்குக்குள் வந்துவிடும். வாய்க்குப் பக்கத்தில் மைக் இருந்தால் பாதித் தொல்லை குறையும். மதர்போர்ட்டில் (எல்லாச் சாமானும் பொருந்தும் பிரதான பலகை) வைஃபை இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் வயரே போட்டுவிடுங்கள், ஸூம் அறுந்து அறுந்து போகாது.

படி 5: யூபிஎஸ்

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. இன்றைக்கும் மழை நாளில் கரண்ட் ஒரு கணம் போய் வரும், லெப்டொப் அதைத் தாங்கிவிடும், டெஸ்க்டொப் அப்படியே அணைந்து சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும். தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷினுக்கும் ஒரு மொனிட்டருக்கும் 650 வீஏ (யூபிஎஸ் தாங்கும் சுமையின் அளவு) போதும், ஃபைலைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கு நேரம் தரும். லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள், அது இழுக்கிற சுமையை இந்த அளவு தாங்காது. பேட்டரி இரண்டு, மூன்று வருடத்தில் பலவீனமாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படி 6: கடை

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரே கட்டடத்தில் பல கடைகள் இருப்பதால், ஒரே பட்டியலைக் கொடுத்து மூன்று குவொட்டேஷன் எடுங்கள். '16 ஜிபி ரேம்' என்று மட்டும் எழுதினால் போதாது, ஒவ்வொரு சாமானுக்கும் பிராண்டும் மொடலும், வொரன்டி எத்தனை வருடம் என்பதும் தாளில் இருக்க வேண்டும். விண்டோஸுக்கு லைசன்ஸ் உண்டா என்றும் கேளுங்கள். காசு கொடுக்க முன் அங்கேயே மெஷினைப் போடச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தைத் திறந்தால் புரொசசர் பெயர், ரேம் அளவு, எத்தனை ஸ்லொட்டில் ரேம் இருக்கிறது எல்லாம் தெரியும். குவொட்டேஷனைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரி பாருங்கள், அவசரப்படுத்தினால் அவசரப்பட வேண்டாம்.

படி 7: வீட்டில் முதல் பின்னேரம்

கடற்கரைப் பக்க வீடு என்றால் உப்புக் காற்று வரும் ஜன்னலை விட்டுத் தள்ளி, தரையில் வைக்காமல், சின்ன ஸ்டூலிலாவது வையுங்கள். ஆளுக்கு ஒரு கணக்கு திறவுங்கள், பிள்ளைகளுடையது ஸ்டாண்டர்ட் கணக்காக இருக்கட்டும், பாஸ்வேர்ட் தெரியாமல் அவர்கள் பெரும்பாலான மென்பொருளைப் போட முடியாது. அம்மாவின் ஓபிஸ் ஃபைல்களும் அவர்கள் கைக்குப் போகாது.

கடைசியாக, ஒரு ஸூம் கோலை எடுத்துக்கொண்டு, யூபிஎஸ் மாட்டியிருக்கும் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். தங்கச்சி வீட்டில் அணைத்தபோது கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது, மொனிட்டர் மட்டும் இருண்டுவிட்டது. பின்னால் எட்டிப் பார்த்தால் மொனிட்டர் வயரை அதே பிளக் போர்டில் நேரடியாக மாட்டியிருந்தோம். அதை யூபிஎஸ்ஸுக்கு மாற்றி, ரவுட்டரையும் கொண்டுவந்து பக்கத்தில் செருகி, இன்னொரு தடவை அணைத்தோம். இந்த முறை கோல் அறுபடவில்லை.