பார்த்துக் கீறுவது எங்கே களவாகிறது?

பண்ணைக் கடலில் ஒரு வள்ளம், பின்னால் மாலை வெயில் விழுந்த கோட்டை. யாழ்ப்பாணத்தில் இந்தப் படத்தைக் கீறாதவர்கள் குறைவு. நானும் கீறினேன், முகநூலில் கிடந்த ஒரு போட்டோவைப் பார்த்து. கண்காட்சிக்கு வந்த ஒரு தம்பி நேரே வள்ளத்தின் முனையைக் காட்டி, "அண்ணை, இந்த நீலக் கயிறு மூன்று முடிச்சோட தொங்குது, இது நான் எடுத்த போட்டோ" என்றான். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட காகத்தைக்கூட அப்படியே கீறியிருந்தேன்.

ஆகவே முதலில் படம் யாருடையது என்று தேடுங்கள். கூகுள் லென்ஸில் போட்டால் பல நேரம் ஆளைப் பிடித்துவிடலாம். விற்கவோ காட்சிக்கு வைக்கவோ போகிறீர்கள் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொதுவாக ஆக்கியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கிறது. 1906 இல் இறந்த ரவிவர்மாவின் படத்துக்கு வழக்கு வராது, சரி, ஆனால் அவருடைய சரஸ்வதியைக் கட்டம் போட்டு அப்படியே எடுத்து, கீழே உங்கள் கையெழுத்தை மட்டும் வைத்தால் அதுவும் களவுதான். கை பழகுவதற்குக் கொப்பி பண்ணுங்கள், எல்லாரும் அப்படித்தான் பழகினோம், படத்தின் பின்பக்கம் யாரைப் பார்த்தது என்று பென்சிலால் எழுதிவையுங்கள். இடவலம் திருப்பி, வானத்தின் நிறத்தை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள், போதாது.

எடுத்தாள்வது, அதாவது பிறர் படத்தை வெளிப்படையாகவே எடுத்துப் புதிதாக ஒன்று சொல்வது, வேறு விளையாட்டு. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸ் 1656 இல் கீறிய 'லாஸ் மெனினாஸ்' என்ற அரண்மனைக் காட்சி ஓவியத்தை வைத்து பிக்காசோ 1957 இல் 58 படங்கள் கொண்ட ஒரு தொடரே செய்தார். அரண்மனையின் பெரிய நாய் படுத்திருந்த இடத்தில் தனக்குப் பழக்கமான ஒரு குட்டைக்கால் நாயைப் போட்டார். மூலம் தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பகிடி விளங்கும். உங்கள் படத்தையும் இப்படிச் சோதிக்கலாம்: மூலத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் படம் கூடுகிறதா, சுருங்குகிறதா? ரவிவர்மாவின் லட்சுமியை வெளிநாட்டுக் காசு மாற்றும் கடை வாசலில் வரிசையில் நிற்கவைத்தால் கூடும். என் வள்ளம் சுருங்கியது.

போட்டோ வேண்டுமென்றால் ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவையுங்கள். பிறகு பண்ணைக்கே போய் ஐந்தாறு சின்னக் கீறல்கள் போட்டு, அவற்றை எறியாமல் வையுங்கள், நாளை யாராவது கேட்டால் காட்டலாம்.

அந்தத் தம்பியின் பெயரைப் படத்தின் கீழே எழுதினேன். விற்ற காசில் பங்கு கொடுக்கப் போனபோது வாங்கவில்லை, காகத்தை மட்டும் அழிக்கச் சொன்னான். அது தவறுதலாக விழுந்ததாம்.