கைப்பேசியிடம் விசில் கொடுக்காதீர்கள்

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு பொட்டலில் நடந்த ஹாக்கிப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஹாக்கியில் பந்து காலில் படுவது பொதுவாகத் தவறு. அது தடுப்பாட்டக்காரரின் காலில் பட்டதா இல்லையா என்று தகராறு. கோட்டோரம் நின்ற நான்கு பேர் நான்கு கைப்பேசிகளை நீட்டினார்கள். இரண்டில் பட்டது போலிருந்தது, ஒன்றில் படவில்லை. "சார், தெளிவாகத் தெரிகிறது பாருங்கள்" என்று நான்காமவர் காட்டிய படத்தில் தெளிவாகத் தெரிந்தது கோல்கீப்பரின் முதுகு மட்டும்.

கிடைத்த வீடியோவையெல்லாம் சாட்சியாக ஏற்பதுதான் பெரிய தவறு. கைப்பேசி பொதுவாக நொடிக்கு 30 படம் எடுக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் போய்விடும். காலில் பட்டுத் திரும்பியது அந்த இடைவெளிக்குள்ளேயே முடிந்திருக்கலாம். போதாததற்குக் கச்சான் காற்று. பிடித்திருப்பவரின் கை ஆடும், லென்ஸில் உப்பும் மணலும் அப்பும். கோல் விஷயம் இன்னும் மோசம். பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். பந்தின் குறுக்களவோ ஏழு சென்டிமீட்டர் சொச்சம். கோட்டுக்கு நேராக இல்லாமல் சாய்வாக நிற்கும் கேமரா, கோட்டின் மேல் கிடக்கும் பந்தைக்கூட உள்ளே போனதாகக் காட்டும்.

மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஆட்டக்காரரின் எண்ணத்தை முடிவு செய்வது அடுத்த தவறு. பட்டதா என்பதற்கு மெது ஓட்டம் உதவும். வேண்டுமென்றே செய்தாரா என்பதற்கு உதவாது. அரை நொடி நிகழ்ச்சியை ஐந்து நொடியாக இழுத்தால், தற்செயலாக வீசிய மட்டையும் திட்டமிட்ட அடி போலத் தோன்றும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கி காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக, மட்டை எதிராளி மேல் பட்டதற்காக இந்தியத் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸுக்கு வீடியோ பார்த்த பிறகுதான் சிவப்பு அட்டை வந்தது. பத்துப் பேருடன் 40 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, 1-1 என்ற சமநிலைக்குப் பின் ஷூட்அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. ஆனால் தடையால் ரோஹிதாஸ் ஜெர்மனியுடனான அரையிறுதியில் ஆடவில்லை. அதில் 2-3 என்று தோற்றோம். வீடியோ முடிவுகள் ஒரே சீராக இல்லை என்று நம் தேசியச் சங்கமான ஹாக்கி இந்தியா புகாரும் கொடுத்தது. அத்தனை கேமராக்கள் இருந்த இடத்திலேயே இந்த நிலை.

தொலைக்காட்சி பார்த்து நம் பையன்களும் வீடியோ முறையீடு கேட்கக் கைகளால் ஆங்கில 'டி' (T) காட்டக் கற்றுக்கொண்டார்கள். அதற்குரிய கட்டுப்பாட்டைக் கற்கவில்லை. சர்வதேச ஆட்டத்தில் அணிக்கு ஒரு முறையீடுதான். அதுவும் கோல் பக்கத்து 23 மீட்டர் பகுதிக்குள் கோல், பெனால்டி கார்னர் (தவறுக்காக எதிரணிக்குக் கொடுக்கும் கோல் வாய்ப்பு), பெனால்டி ஸ்ட்ரோக் (கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து ஒருவர் அடிப்பது) குறித்து மட்டும். கேட்டது தவறானால் வாய்ப்புப் போய்விடும். காட்சி தெளிவில்லை என்றால் களத்தில் சொன்ன முடிவே நிற்கும். முறையீடு கையிலேயே இருக்கும். இங்கோ நடுமைதானத்து உரசலுக்கும் 'டி' காட்டுகிறார்கள்.

நடுவர்களுக்கும் ஒன்று: வீடியோ பார்த்துக்கொள்ளலாம் என்று விசிலை விழுங்காதீர்கள்.

அன்று நான் பெனால்டி கார்னரே கொடுத்தேன். பந்து பட்ட சத்தம் என் காதில் விழுந்திருந்தது.