மெஷின் பாலிஷருக்கு முதல் பாலிஷ்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரில் கார் உதிரிபாகக் கடைக்குச் சென்று ‘பாலிஷ்’ என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் வாக்ஸாக இருக்கும். டாஷ்போர்டில் தடவும் சிலிக்கான் திரவத்துக்கும் பாலிஷ் என்றுதான் பெயர். டயரைக் கறுப்பாக்கும் திரவத்துக்கும் அதே பெயர். புதிதாக மெஷின் பாலிஷர் வாங்கியவர் தடுக்கி விழும் முதல் இடம் இந்தப் பெயர்க் குழப்பம். வாக்ஸ், பெயின்ட்டின் மேல் படிந்து அதைக் காக்கும் மெல்லிய படலம். அதனால் எந்தக் கீறலும் போகாது. பாலிஷ் செய்யும் வேலையே வேறு. அலுமினியம் ஆக்ஸைடு போன்ற மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் அதில் இருக்கின்றன. அவை பெயின்ட்டின் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகச் சீவி எடுத்து, கீறலின் விளிம்புகளைச் சமன்படுத்துகின்றன. வாக்ஸை மெஷினில் ஊற்றி ஒரு மணி நேரம் ஓட்டினாலும் கீறல்கள் அப்படியே இருக்கும். வாக்ஸ் என்று எண்ணி, பாலிஷிலேயே மிகக் கடுமையாகத் தேய்க்கும் வகையான காம்பவுண்டை ஓட்டினாலோ, எடுக்க வேண்டாத பெயின்ட் போய்விடும்.

எடுக்கக்கூடிய பெயின்ட் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால், பின்வரும் தவறுகளில் பாதியைச் செய்யத் தோன்றாது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், அடிப்பூச்சு முதல் மேற்பூச்சு வரை எல்லா அடுக்குகளும் சேர்ந்து, பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம் இருக்கும். அதில் நிறமற்ற மேல் அடுக்கான கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். நாம் அச்சிடும் ஏ4 தாளின் கனம் சுமார் 100 மைக்ரான்; அதில் பாதி அளவுள்ள படலத்தின் மேல்தான் நாம் மெஷினை வைக்கிறோம். வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் வேதிப்பொருள்கள் இருப்பதும் அந்தப் படலத்தில்தான். ஆகவே முதல் பாலிஷ் எவ்வளவு வேகமாகக் கீறலை எடுக்கிறது என்பதைவிட, கற்றுக்கொள்ளும் கையின் பிழைகளை எவ்வளவு பொறுத்துக்கொள்கிறது என்பதைப் பார்த்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதை நான் கற்றது ஒரு கறுப்பு நிறக் காரில். கடைக்காரர் பரிந்துரைத்த, பட்டறைகளில் தேய்ப்பு வேலைக்குப் பயன்படும் கடுமையான ரப்பிங் காம்பவுண்டை வாங்கி, ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினின் முனையில், தேய்க்கும் பகுதியாகக் கம்பளிப் பேடை மாட்டி, பானெட் முழுவதும் ஓட்டி முடித்தேன். மாலை நிழலில் கண்ணாடிபோல் இருந்தது. அன்றிரவு பெட்ரோல் பங்கின் விளக்கடியில் வண்டியை நிறுத்தியபோது, மெஷின் சென்ற வழியெல்லாம் பானெட்டின் மேல் அலை அலையாக நகர்ந்தது. ஹோலோகிராம் என்று டீட்டெயிலிங் (காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலை) செய்பவர்கள் சொல்வது இதைத்தான். பழைய கீறல்களை எடுத்த காம்பவுண்டு, தன் கீறல்களை அங்கே விட்டுச் சென்றிருந்தது. அவற்றை எடுக்க நுண்மையான பாலிஷ் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. அதை முதலிலேயே வாங்கியிருந்தால் காம்பவுண்டே தேவைப்பட்டிருக்காது.

அதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்புகளில் பெரும்பாலான கார்களின் மேல் தெரியும் வட்டவட்டமான சிலந்திவலைக் கீறல்கள், தினமும் காலையில் தூசியோடு சேர்த்துத் துணியால் துடைப்பதால் விழுபவை. எண்ணிக்கையில் அவை ஏராளம், ஆனால் ஆழம் குறைவு. மிதமான நுண்மையுள்ள பாலிஷ் ஒன்றும் நுரைப் பேடும் அவற்றில் பெரும்பகுதியை எடுத்துவிடும். மாறாக, விரல் நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டும்போது நகம் சிக்கும் கீறல் என்றால், அது பாலிஷின் எல்லையைத் தாண்டியது. அதை முழுதாக எடுக்க முயல்வது கிளியர் கோட்டைத் துளைப்பதில் முடியலாம். இந்த இரண்டு வகைக்கும் நடுவில் உள்ளவற்றுக்கே காம்பவுண்டு தேவை. முதல் நாளே அதை வாங்கி வைக்க வேண்டிய அவசியமில்லை.

புட்டியின் மேல் உள்ள எண்ணை உப்புத்தாளின் எண்ணோடு குழப்பிக்கொள்வது இன்னொரு பொதுவான தவறு. மென்சர்னா நிறுவனத்தின் 400 என்பது கடுமையான காம்பவுண்டு, 2500 நடுத்தரமானது, 3500 இறுதி மெருகுக்கானது. எண் கூடக்கூட நுண்மை கூடுகிறது என்பதால் உப்புத்தாளைப் போலத் தோன்றும். ஆனால் இவை தயாரிப்புகளின் பெயர்களே தவிர, துகளின் அளவைச் சொல்பவை அல்ல. கோச் கெமியிடம் வந்தால் கணக்கு தலைகீழ்: அங்கே எச்9 கடுமையானது, எஃப்6 அதைவிட மென்மையானது, எம்3 மிக நுண்மையானது. மெகுயர்ஸில் 105 காம்பவுண்டு, 205 மெருகுப் பாலிஷ். அங்கே எண்ணில் எந்த அளவுகோலும் இல்லை. ஒரு நிறுவனத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் புட்டியை எடுக்கக் கூடாது. வெட்டும் திறன் (அதாவது பெயின்ட்டைச் சீவி எடுக்கும் வலிமை) எவ்வளவு, பளபளப்பு எவ்வளவு என்று பல நிறுவனங்கள் புட்டியிலேயே தனித்தனி அளவுகோல் அச்சிடுகின்றன. எண்ணை விட்டுவிட்டு அதைப் படிப்பது நல்லது. வெட்டும் திறன் நடுவிலோ சற்றுக் கீழேயோ, பளபளப்பு நடுவுக்கு நன்றாக மேலேயோ இருப்பதுதான் தொடங்குபவருக்கு ஏற்றது.

அடுத்த தவறு புட்டியில் வெளிப்படையாகத் தெரியாது. சில பாலிஷ்களில் கீறலை நிரப்பி மறைக்கும் எண்ணெய்களும் பொருள்களும் சேர்க்கப்பட்டிருக்கும். கிளேஸ் என்ற பெயரில் விற்பவற்றின் வேலையே அதுதான். பாலிஷும் வாக்ஸும் ஒன்றாகக் கலந்த ஆல் இன் ஒன் வகைகளிலும் இது ஓரளவு நடக்கும். ஓட்டி முடித்தவுடன் கீறல் போனதுபோல் இருக்கும். நாலைந்து முறை ஷாம்பு போட்டுக் கழுவியதும் திரும்பி வந்துவிடும். பழைய வெள்ளைக் காரை ஒரே சுற்றில் பளிச்சென்று ஆக்கி அத்துடன் விட்டுவிட நினைப்பவருக்கு ஆல் இன் ஒன் நல்ல தேர்வு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு அது உதவாது. கீறல் உண்மையிலேயே போயிற்றா, மறைந்திருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாமலே போகும். எந்தப் பாலிஷானாலும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் கலந்து மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துத் துடைத்த பிறகே முடிவு செய்ய வேண்டும். எண்ணெய் நீங்கிய பின் தெரிவதே உண்மையான பெயின்ட்.

பாலிஷை மட்டும் தனியாக எடைபோடுவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். ஒரே பாலிஷ், கம்பளிப் பேடில் காம்பவுண்டுக்கு அருகில் நிற்கும். மைக்ரோஃபைபர் பேடில் அதற்குச் சற்றுக் கீழே. மென்மையான நுரைப் பேடில் இறுதி மெருகுக்கு மட்டுமே உதவும். எனவே, மூன்று புட்டிகளும் ஒரு பேடும் வாங்குவதைவிட, ஒரு புட்டியும் கடினம், மென்மை என இரண்டு வகைப் பேடுகளும் வாங்குபவருக்குக் கையில் கிடைக்கும் வாய்ப்புகள் அதிகம். பேடின் நிறத்தை நம்பியும் வாங்க முடியாது. ரூப்பெஸ் நிறுவனத்தில் மஞ்சள் என்றால் நுண்மையான பேடு. லேக் கன்ட்ரியின் பழைய வரிசையில் மஞ்சள் என்றால் கடுமையாக வெட்டும் பேடு. மஞ்சள்தானே என்று மாற்றி மாட்டினால் பழி பாலிஷின் மேல் விழும்.

மெஷினும் கணக்கில் சேர வேண்டும். நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி வகை. வெப்பம் ஒரே இடத்தில் குவியும், விளிம்பில் சற்று நின்றாலும் பெயின்ட் போய்விடக்கூடும். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேடு சுழன்றுகொண்டே அதிரவும் செய்யும்; அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும் என்பது தொடங்குபவருக்குக் கிடைக்கும் காப்பு. பேடைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், பேடு சுழல்கிறதா, வெறுமனே அதிர்கிறதா என்பது வேலையின்போதே கண்ணுக்குத் தெரியும். சில பழைய வகைப் பாலிஷ்களில், துகள்கள் தேயத் தேய உடைந்து நுண்மையாகின்றன. ரோட்டரியின் வெப்பத்தையும் வேகத்தையும் நம்பி உருவானவை அவை. டூயல் ஆக்‌ஷனில், அதுவும் பழகாத கையில், அவை முழுதாக உடையும் முன்பே நிறுத்திவிட்டால் மங்கலான படலம் மிஞ்சும். துகளின் அளவு தொடக்கம் முதல் முடிவு வரை மாறாத வகைப் பாலிஷ்களில், எப்போது நிறுத்துவது என்பது அவ்வளவு கடுமையான கேள்வி அல்ல. மெகுயர்ஸ் 205 இந்த வகை. அதன் நீண்ட வேலை நேரமும், அதாவது காய்வதற்குள் தேய்க்கக் கிடைக்கும் நேரமும், கற்பவருக்குச் சாதகமானது.

வேலை நேரம் என்பதை நம் தட்பவெப்பத்தில் தனியாகக் கவனிக்க வேண்டும். குளிர் நாடுகளில் எடுத்த வீடியோக்களில் ஐந்தாறு சுற்று ஓடும் பாலிஷ், சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் பானெட்டில் இரண்டு சுற்றிலேயே காய்ந்து, மாவுபோல் பறந்து, ரப்பர் பட்டைகளின் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். விரைவில் காயும் பாலிஷை வாங்கிவிட்டு மேலும் மேலும் ஊற்றுவது இதன் தொடர்ச்சியான தவறு. நனைந்த பேடு சரியாகச் சுழலாது, சரியாக வெட்டவும் செய்யாது. விரைவில் காய்வதில்லை, தூசி குறைவு என்று பெயர் பெற்ற பாலிஷைத் தேடுங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, புறங்கையை வைத்துப் பார்த்து, தகடு குளிர்ந்த பின் தொடங்குங்கள்.

எந்தப் புட்டி உங்கள் காருக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த விமர்சனமும் முழு விடை தராது. ஜப்பானிய நிறுவனங்களின் பெயின்ட் பெரும்பாலும் மென்மை, ஜெர்மன் நிறுவனங்களுடையது பெரும்பாலும் கடினம் என்பது தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் பொதுக் கணிப்பு. ஆனால் விபத்துக்குப் பின் பட்டறையில் மறுபடி அடித்த கதவு, அதே காரின் கூரையைப் போல நடந்துகொள்ளாது. அதனால் முழு வண்டிக்கும் போகும் முன், பானெட்டின் சமமான பகுதியில் டேப்பால் அரை மீட்டர் சதுரம் கட்டிக்கொள்ளுங்கள். பேடில் பட்டாணி அளவில் நான்கு சொட்டு. மெஷினை இயக்காமல் தொட்டுத் தொட்டுப் பரப்பி, குறைந்த வேகத்தில் ஒருமுறை தேய்த்து, பின் நடுத்தர வேகத்தில், ஒரு வரி முந்தைய வரியைப் பாதி மூடும்படி, மெதுவாகக் குறுக்கும் நெடுக்குமாக நான்கு சுற்று. பால்போல் வெள்ளையாக இருந்தது மெல்ல மெல்லத் தெளிந்து, எண்ணெய் தடவியதுபோன்ற படலமாகும். அப்போது நிறுத்தித் துடைத்து, ஆல்கஹாலால் மறுபடி துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கீறல் மிஞ்சியிருந்தால், பாலிஷை மாற்றும் முன் பேடை மாற்றுங்கள். துணியில் காரின் நிறம் வந்தால், அது கிளியர் கோட் இல்லாத ஓரடுக்குப் பெயின்ட். பழைய வெள்ளை, சிவப்பு வண்டிகளில் இது இயல்பு, பயப்பட வேண்டாம். உலோக மினுக்கம் உள்ள நிறம் துணியில் வந்தால் அக்கணமே நிறுத்த வேண்டும்.

பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டுக்கு எந்தப் பாலிஷும் கூடாது. தேய்த்த இடம் பளபளப்பாகி, திரும்பாது. பெயின்ட்டைக் காக்க அதன் மேல் செராமிக் கோட்டிங் போட்ட வண்டியில் பாலிஷ் முதலில் எடுப்பது அந்தக் கோட்டிங்கைத்தான். பிளாஸ்டிக் பம்பர் உலோகத்தைப்போல் வெப்பத்தைக் கடத்தாது என்பதால், அங்கே மெஷின் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கடைசியாக அளவு. மலிவாக வருகிறதென்று ஒரு லிட்டர் புட்டி வாங்குவோர் பலர். ஒரு சிறிய காரை ஒருமுறை முடிக்கப் பெரும்பாலும் 100 மில்லி லிட்டருக்குள்தான் செலவாகும். ஆண்டுக்கு ஒருமுறைகூடச் செய்யத் தேவையில்லாத வேலைக்கு 250 மில்லி லிட்டர் புட்டி போதும். துகள்கள் அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைத்து மறந்துவிடக் கூடாது. மிச்சமாகும் பணத்தில் அதே வகை நுரைப் பேடு இன்னும் இரண்டு வாங்குங்கள். முதல் பேடு பானெட்டும் இரண்டு கதவுகளும் முடிவதற்குள் பாலிஷும் பழைய பெயின்ட்டும் அடைத்துக் கனத்துப்போய், மாற்றுப் பேடைக் கேட்கத் தொடங்கியிருக்கும்.