லண்டனிலிருந்து யாழ்ப்பாணம்: கட்டுநாயக்கா வழியா, பலாலி வழியா?

லண்டனிலிருந்து கொழும்புக்கு விமானத் தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். நேரடி விமானம் பத்தரை, பதினொரு மணித்தியாலத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். பலர் இந்தக் கணக்கோடு லீவு எடுத்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தாருக்கோ கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகும் வீட்டு வாசலுக்கு இன்னும் ஏழு, எட்டு மணித்தியாலம் இருக்கிறது.

டோகா வழியாகப் போனால் தூரம் பெரிதாகக் கூடாது. லண்டன் – டோகா 5,200, டோகா – கொழும்பு 3,700. வித்தியாசம் சுமார் 200 கிலோமீற்றர்தான். நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பது. இரண்டு மணித்தியாலம் என்றால் சரி. ஆறேழு என்றால், ரிக்கற்றில் மிச்சம் பிடித்த காசு கோப்பிக்கும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குமே போய்விடும்.

நேரடி விமானம் பெரும்பாலும் இரவு புறப்பட்டு மறுநாள் மதியம் இறங்கும். பொதி எடுத்து வெளியே வந்து, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். புத்தளம் – அநுராதபுரம் வீதியில் இருட்டினால் யானை குறுக்கே வரும், சாரதியை அவசரப்படுத்தாதீர்கள். இன்னொன்று: உங்களை ஏற்ற ஊரிலிருந்து வந்த வான்காரர் முதல் நாள் இரவு முழுக்க ஓடி வந்தவராக இருப்பார். மச்சான்மார் கூடவே வந்து கதைத்துக்கொண்டிருந்தாலும் நித்திரை நித்திரைதான். நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கி விடியப் புறப்படுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

மற்ற வழி சென்னை. லண்டன் – சென்னை 8,200 கிலோமீற்றர், அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் சுமார் 355. இரண்டையும் கூட்டினாலும் கொழும்புத் தூரத்தைவிடக் குறைவு! 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. எழுபது பேர் மட்டில் ஏறும் ஏ.ரி.ஆர். விமானம், ஒன்றேகால் மணித்தியாலம் மட்டில் பறப்பு. பலாலியிலிருந்து நகரத்துக்கு அரை மணித்தியாலம்.

ஆனால் இதில் சிக்கல்கள் உண்டு. இரண்டு ரிக்கற்றைத் தனித்தனியாக எடுத்தால் சென்னையில் பொதியை எடுத்து வெளியே வந்து மறுபடி ஏற வேண்டும். அதற்கு பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர் இந்திய விசா முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். சின்ன விமானம் என்பதால் பொதி அளவும் குறையலாம். லண்டனில் சொக்கிளேற் வாங்கிக் குவிக்க முன் ரிக்கற்றில் போட்டிருக்கும் கிலோவைப் பாருங்கள். மாரிக் காலத்தில், குறிப்பாக நவம்பர், டிசம்பரில், வானிலை பார்த்துத்தான் இறக்குவார்கள். ஒரே நாளில் மாறி ஏறாமல் சென்னையில் ஒரு இரவு தங்குங்கள். கலியாணப் புடவை எடுக்கிற வேலை இருந்தால் இந்த வழிதான் நல்லது. ஐந்து பேர், பத்துப் பெட்டி என்றால் கட்டுநாயக்கா.

ஊர் நேரம் லண்டனைவிடக் கோடையில் 4½, குளிர்காலத்தில் 5½ மணித்தியாலம் முன்னால். சென்னைக்கும் அதேதான். திரும்பி வரும்போது மேற்கிலிருந்து வீசும் எதிர்க்காற்றால் பறப்பு நேரமும் கொஞ்சம் கூடும். ஞாயிறு இரவு இறங்கித் திங்கள் காலை வேலைக்குப் போகலாம் என்று லீவை இறுக்கிக் கட்டாதீர்கள்.