சத்தம் வராத பவர்டு ஸ்பீக்கர்: மீட்டரும் குண்டு பல்பும் வைத்துப் பழுது பார்க்கும் முறை

நெல்லைப் பக்கம் சித்திரையிலும் ஆடியிலும் கோயில் கொடை முடிந்த கையோடு சவுண்ட் சர்வீஸ் கடைகளில் பழுதான பவர்டு ஸ்பீக்கர்கள் (உள்ளேயே ஆம்ப்ளிஃபயர், அதாவது ஆம்ப் உள்ளவை) சேர்ந்துவிடும். உடனே மொத்த போர்டையும் மாற்ற வேண்டியதில்லை. டிஜிட்டல் மல்டிமீட்டர், 100 வாட் குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் போர்டு (கரண்ட் பல்பு வழியாகவே பெட்டிக்குப் போகும்), ஒரு செல்போன், போனாலும் பரவாயில்லை என்கிற பழைய ஸ்பீக்கர் ஒன்று இருந்தால் எந்தப் பகுதி போயிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் ஒயரைப் பாருங்கள். போனின் ஸ்டீரியோ பின்னை எக்ஸ்எல்ஆரில் (மூன்று முனை உள்ள மைக் பிளக்) அப்படியே கட்டியிருந்தால் இடது 2-ஆம் முனைக்கும் வலது 3-ஆம் முனைக்கும் போகும். ஸ்பீக்கர் இந்த இரண்டின் வித்தியாசத்தைத்தான் பெருக்கும். இரண்டிலும் ஒரே ஒலி வந்தால் கழிந்துபோகும். இசை கேட்டு, பாடகர் குரல் மட்டும் காணாமல் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். இடதை மட்டும் 2-க்குக் கொடுத்து, 3-ஐக் கிரவுண்டான 1-உடன் சேருங்கள்.

பெட்டியைத் திறந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் (மெயின் கரண்டை டிசியாக மாற்றித் தரும் பவர் சப்ளை) பெரிய கண்டன்சரில் சுமார் 325 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். 60 வாட் பல்பின் இரு ஒயர்களை, இன்சுலேஷன் பிடித்து, கண்டன்சரின் கால்களில் வைத்து சார்ஜை இறக்குங்கள். மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே கை வைக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்கவே கூடாது.

அடுத்து ஃப்யூஸ். நடுவில் கம்பி மட்டும் விட்டிருந்தால் ஓவர்லோடாக இருக்கலாம். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் ஷார்ட். அப்போது புது ஃப்யூஸ் போட்டுப் பார்ப்பது வீண். ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறினாலோ மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனாலோ முதலில் அடிபடுவது வேரிஸ்டர், வில்லை மாதிரி இருக்கும் பாகம். அது வெடித்திருந்தால் தன் வேலையைச் செய்திருக்கிறது. வெட்டி எறிந்துவிட்டு ஓட்டாமல் அதே எண்ணில் புதிது போடுங்கள். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜின் டயோடுகள் மீட்டரின் டயோடு ரேஞ்சில் ஒரு பக்கம் 0.5 வோல்ட் அளவிலும் மறுபக்கம் ஓப்பனாகவும் காட்ட வேண்டும். இருபக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட்.

இனி சீரிஸ் போர்டு வழியாகக் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. விட்டுவிட்டு மின்னினால் ஆம்ப் போர்டுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். அடங்கினால் கோளாறு ஆம்ப் பக்கம்.

அளக்கும்போது கறுப்பு முனையில் கவனம் வேண்டும். 325 வோல்ட்டைப் பெரிய கண்டன்சரின் மைனஸ் காலிலிருந்தும், மற்றவற்றை ஆடியோ கிரவுண்டிலிருந்தும் (ஒலி சர்க்யூட்டின் பூஜ்ய முனை) அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

வூஃபரை (பெரிய ஸ்பீக்கர்) கழற்றிவிட்டு, அதற்கு வந்த ஒயர்களுக்கு இடையே டிசி பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் என்றால் சரி. பல வோல்ட் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். அந்த நிலையில் வூஃபரை மாட்டினால் அதன் காயில் (உள்ளே சுற்றிய கம்பி) எரியும். ஒற்றை சப்ளையில் ஓடும் பிரிட்ஜ் முறை ஆம்ப்பில் (ஸ்பீக்கரின் இரு ஒயர்களையும் ஆம்ப்பே ஓட்டும் வகை) ஒவ்வொரு முனையும் கிரவுண்டுக்குப் பாதி சப்ளையைக் காட்டும், அது கோளாறல்ல.

இதுவும் சரியென்றால் 4558 போன்ற ஓப்-ஆம்ப்பில் (சிறு சிக்னலைப் பெருக்கும் எட்டுக் கால் ஐசி) 8-ஆம் காலில் +15, 4-ஆம் காலில் −15 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். அவுட்புட் கால்களான 1, 7 பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

8 ஓம் வூஃபர் மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும். ஓப்பன் என்றால் காயில் போய்விட்டது. கோனை இரு கையாலும் சமமாக அமுக்கும்போது உரசல் கேட்டாலும் காயில் கெட்டிருக்கிறது.

சத்தம் வந்து வந்து போகிறதா? உவரி, திருச்செந்தூர் போன்ற கடற்கரை ஊர்களில் ஓடிய பெட்டியென்றால் ஸ்பேடு கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். அடுத்த சந்தேகம் சால்டரிங். இன்புட் ஜாக், கனமான கண்டன்சர் கால்களைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடு தெரிந்தால் பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வையுங்கள்.

கடைசியாகப் பல்பை விலக்கி, பழைய ஸ்பீக்கரை மாட்டி, குறைந்த சத்தத்தில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு டிசியை மறுபடி அளந்து பாருங்கள். சூடானதும் ஏறியிருந்தால் வூஃபரை மாட்ட வேண்டாம்.