பக்கக்கிளையிலிருந்து புதிய தக்காளிச் செடி

தக்காளித் தண்டின் அடிப்பகுதியில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும். ஈரம் கிடைத்தால் அவை வேராக நீளும். அதனால் வெட்டி நடும் தக்காளிக் கிளைக்கு (கட்டிங்) வேர் ஊக்கி மருந்து எதுவும் வேண்டாம்.

கவனமெல்லாம் தாய்ச்செடியில்தான் இருக்க வேண்டும். இலை சுருண்டிருந்தாலோ, வெளிர் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தாலோ, அது எவ்வளவு காய்த்த செடியானாலும் விட்டுவிடுங்கள். வைரஸ் கிளையோடு சேர்ந்தே வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. நல்ல செடியாக இருந்தால் தாயின் குணம் அப்படியே வரும். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகத்தின் பழத்திலிருந்து எடுத்த விதையைப் போட்டால் இந்த உறுதி கிடையாது.

இலைக்காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் முளைக்கும் பக்கக்கிளையை, 10 முதல் 15 செ.மீ. நீளம் வந்ததும், காலையில் வெட்டுங்கள். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்வது அவசியம். நுனியில் இரண்டு மூன்று இலைகள் போதும். கீழ் இலைகளையும் மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள். மொட்டை விட்டால் வேருக்குப் போக வேண்டிய சத்தைப் பூ எடுத்துக்கொள்ளும்.

தண்ணீரில் வைப்பதானால் தண்டு மட்டுமே மூழ்க வேண்டும், இலை மூழ்கினால் அழுகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வேர் தெரியும். 2, 3 செ.மீ. வளர்ந்ததும் நட்டுவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் வேர்கள் பின்னிக்கொண்டு, நடும்போது ஒடியும். தண்ணீரில் விட்ட வேர் மண்ணுக்குப் பழகவும் சில நாள் திணறும்.

ஆகவே நேராகக் கலவையில் நடுவதே மேல். தேங்காய் நார்க்கழிவும் மணலும் சம அளவு கலந்து, அடியில் ஓட்டையுள்ள கோப்பையில் நிரப்பி, குச்சியால் குழி போட்டு 5 செ.மீ. ஆழம் நடுங்கள். உரம் இப்போது வேண்டாம். வெயில் நேராகப் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் இலை தொங்கும். வேரில்லாத தண்டு இழக்கும் நீரை ஈடுகட்ட முடியாததே காரணம். அதைப் பார்த்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் தண்டு கறுத்து அழுகும். கலவை ஈரமாக இருந்தால் போதும், இலைமேல் லேசாகத் தெளியுங்கள்.

நுனியில் புதுத் தளிர் வந்து, மெல்ல இழுத்தால் பிடிப்புத் தெரிந்தால் வேர் பிடித்துவிட்டது. ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டிய பிறகு, அடியிலுள்ள முதல் இலைக்குக் கீழ் வரை மண்ணுக்குள் போகும்படி ஆழமாகப் பெரிய தொட்டியில் நடுங்கள். புதைந்த தண்டு முழுக்க வேர்விடும்.