ஜானி டாலரை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்

"யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்" கேட்க ஆசைப்படுகிறவர்கள் வரிசையாகக் கேட்போம் என்று 1949-இல் வந்த முதல் பகுதியைப் போட்டு, நாலைந்து கேட்டதும் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் 1949 முதல் 1962 வரை, நடுவில் ஓராண்டு இடைவெளி போக, ஓடிய துப்பறியும் நாடகம் இது. ஜானியாக நடித்தவர்களே ஆறு பேர், ஆளுக்கு ஆள் அந்தப் பாத்திரமே மாறிப்போகும். முதலில் வந்த சார்ல்ஸ் ரஸ்ஸலின் ஜானி, ஹோட்டல் பையன்களுக்கு வெள்ளி டாலர் நாணயத்தைச் சுண்டிவிட்டுப் போகிற பகட்டுக்காரன். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

நேராக 1955 அக்டோபருக்குப் போங்கள். பாப் பெய்லி நடிக்க வந்ததும், ஜாக் ஜான்ஸ்டோன் தயாரித்து இயக்கத் தொடங்கியதும் அப்போதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்குப் பதினைந்து நிமிடம், பெரும்பாலும் ஐந்து நாளில் ஒரு வழக்கு முடியும். அரை மணி நேரக் கதையில் சந்தேகப்பட ஆள் வந்ததுமே முடிச்சை அவிழ்த்தாக வேண்டும். இங்கே அந்த அவசரம் இல்லை, செத்தவனின் மனைவி, ஊர் போலீஸ்காரர், பொய் சொல்லும் கிழவர் என்று ஒவ்வொருவரும் நின்று பேச நேரம் கிடைக்கிறது. பெய்லியின் குரலில் களைப்பும் கோபமும் இரக்கமும் அடுத்தடுத்து வரும், நடிப்பு என்றே தோன்றாது. முதல் தொடரான "மெக்கார்மாக் மேட்டர்" தொடங்க நல்ல இடம். ஐந்தையும் ஒரே மூச்சில் கேட்காமல் நாளுக்கு ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு நாளும் முடிகிற இடம் அடுத்த நாளுக்கு இழுப்பதற்காகவே எழுதப்பட்டது.

இனி கேட்கும் முறை. ஜானி கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் இருந்து வேலை செய்யும் தனி விசாரணையாளர், இன்சூரன்ஸ் கம்பெனிகள் கூப்பிட்டால் போவார். முழுக் கதையும் அவர் கம்பெனிக்கு அனுப்பும் செலவுக் கணக்காகத்தான் வருகிறது: முதல் ஐட்டம் டாக்ஸிக்கு இவ்வளவு, அடுத்தது விமான டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று. அந்த வரிகளை மட்டும் தவறவிடாதீர்கள். இடமோ நாளோ மாறும்போது பெரும்பாலும் ஒரு ஐட்டம்தான் சொல்லும், ஆகவே பழைய அமெரிக்கப் பேச்சு வேகமாக ஓடி நடுவில் ஏதாவது புரியாமல் போனாலும் அடுத்த ஐட்டம் வந்ததும் கதையைப் பிடித்துவிடலாம். அப்புறம், ஆரம்பத்தில் வரும் தொலைபேசி உரையாடலைக் கவனியுங்கள்: பாலிசி யார் பேரில், தொகை எவ்வளவு, பணம் யாருக்குப் போகும். இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பாதி வழக்கு கையில் வந்த மாதிரி.

ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், காலடியும் கதவும் கூடத் தகவல் சொல்லும். இணையத்தில் கிடைக்கும் பதிவுகளில் இரைச்சல் அதிகமானவை உண்டு, ராணுவ வானொலிக்காக விளம்பரம் நீக்கப்பட்டவையும் உண்டு. ஐந்து பாகமும் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், நாலாவது நாளோடு நின்றுபோனால் அதைவிடக் கொடுமை இல்லை.

தினசரித் தொடர்கள் 1956 நவம்பரோடு முடிகின்றன. அதற்கு முன் வந்த "ஃபேன்டம் சேஸ் மேட்டர்" ஒன்பது பாகம். இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்குப் பழகிய பிறகு கேட்டால்தான் அந்த நீளம் ருசிக்கும். பிறகு பெய்லியின் வாராந்திர அரை மணிக் கதைகள், 1960 நவம்பர் வரை. அவை சரி, சில அருமை, ஆனால் பழைய ஆழம் குறைவு. தயாரிப்பு நியூயார்க்குக்குப் போனபோது பெய்லி விலகினார். அங்கே கடைசியாக நடித்த மாண்டல் கிரேமரை ஒதுக்கிவிடாதீர்கள், அலட்டல் இல்லாத நல்ல ஜானி அவர். 1962 செப்டம்பர் 30-இல் அவருடைய கடைசிப் பகுதி ஒலிபரப்பானது. அதே நாளில் "சஸ்பென்ஸ்" என்ற இன்னொரு வானொலி நாடகத் தொடரும் நின்றது. ரஸ்ஸலுக்கும் பெய்லிக்கும் நடுவில் ஜானியாக நடித்த எட்மண்ட் ஓ'பிரையன், ஜான் லண்ட் காலத்துப் பகுதிகளுக்கு இவற்றையெல்லாம் முடித்துவிட்டு வாருங்கள்.